முத்தையா அண்ணாச்சியின் கேக் பொடி

செய்தி வந்தபோது ஷாதிபூர் காதர் பாய் ரொட்டிக்கடையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அடுப்பு முன்னால் காதர் பாய். பன் வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டு மாலதி தீதி. சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் என் வீட்டுக்காரர். அடுப்பின் மேல்மேடைக்குப் பக்கத்தில், கையில் நோட்டும் பென்சிலுமாக, நான். ஐந்தாவதாக வந்தவர் பாம்பூஃப்ளாட்டில் முத்தையா அண்ணாச்சியின் அடுத்த வீட்டில் இருக்கும் தெலுங்குக்காரர். காலை இரண்டாவது படகில் வந்து, படகுத்துறையிலிருந்து ஓடியே வந்திருந்தார்.

"பாய், முத்தையா பாய் குஜர் கயே. தூக்கத்திலேயே போயிட்டார்" என்றார்.

காதர் பாய் அடுப்புப் பக்கம் திரும்பினார். உள்ளே ரொட்டி வெந்துகொண்டிருந்தது. நீளக் கட்டைத் துடுப்பை அடுப்புக்குள் விட்டு ஒவ்வொரு வரிசையாக எல்லா ரொட்டியையும் வெளியே எடுத்தார். கடைசி ரொட்டி பலகைக்கு வந்த பிறகுதான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். மாலதி தீதி, "நேத்து சாயங்காலம்கூட இங்கேதானே இருந்தார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். முந்தின நாள் மாலை அவர் பரப்பி வைத்துவிட்டுப் போன தட்டு என் தலைக்கு மேலே, அடுப்பு மேடையில் இருந்தது. அந்தத் தட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அவரை அறியாதவர்களும் இதை வாசிக்கக் கேட்பீர்கள் என்பதால் முதலிலிருந்து தொடங்குகிறேன். முத்தையா அண்ணாச்சி இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் இருபது வருடம் சமையற்காரராக இருந்தவர்கள். அங்கே அந்த வேலைக்கு அப்பு என்று பெயர். தோட்டத்தை விட்டு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு, மனைவி செல்லம்மா மதினியைக் கூட்டிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியுடன் இந்தத் தீவுக்கு வந்தார்கள். பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்து, தினம் படகேறிக் கடல் தாண்டி, காதர் பாய் கடையில் அடுப்பு வேலை பார்த்தார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில். நான் தூத்துக்குடிக் கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை. ஜெபப் புத்தகத்தையும் சாமான் சுற்றி வரும் காகிதத்தையும் வைத்து எழுத்துக் கூட்டப் படித்தேன். அப்படி ஒரு காகிதத்தில் கேக் செய்யும் விதம் இருந்தது. மாவு, முட்டை, சீனி எல்லாம் சரியாக இருந்தது. "வாசனைப் பொடி ஒரு கரண்டி" என்ற இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது. என்ன பொடி என்று தெரியாமல், வீட்டில் கறிக்கு இடித்து வைத்திருந்த மசாலாப் பொடியையே போட்டேன். நம் ஷாதிபூர் வழக்கப்படி மாவை டிரேயில் ஊற்றிக் காதர் பாய் அடுப்புக்குக் கொடுத்து வேக வைத்து, டிரேயைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கேக்கை மட்டும் வாங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு துண்டு தின்றுவிட்டு, "ஏ ஆரோக்கியம், கேக்கு நல்லாத்தாம் இருக்கு. கொழம்பு எங்க?" என்றார்.

அந்த டிரேயைத் திருப்பிக் கொடுக்க அண்ணாச்சி வந்தார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் வாசலில் நின்று டிரேயை வாங்கிக்கொண்டிருக்க, அவர் முகத்தை லேசாக உயர்த்தி, "தங்கச்சி, பால் அடிபிடிக்கப் போவுது" என்றார். ஓடிப்போய் இறக்கினேன். பால் பிழைத்தது.

"வாசல்ல நிண்ணுக்கிட்டே எப்படித் தெரிஞ்சது அண்ணாச்சி?"

"பால் மொதல்ல இனிக்கும் தங்கச்சி. அப்பறந்தான் தீயும். அந்த இனிக்கிற வாசம் வந்திச்சு." பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "ஒங்க கேக்குலயும் ஒரு வாசம் வந்திச்சு. சோம்பு. அதோட மொளகு. சொல்றதா வேணாமான்னு மூணு நாளா யோசிச்சேன்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு கடல்வரை கேட்டிருக்கும்.

அடுத்த நவம்பரில் நானே அவரிடம் கேட்டேன். துரைசாணிக்கு அவர் இடித்துக் கொடுத்த பொடி என்ன, எவ்வளவு என்று. அவர் கைக்கணக்காகச் சொன்னார். நான் அதை வாங்கிக் கரண்டியில் அளந்து, வீட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவர் கறுவா என்றது நமக்குப் பட்டை; மெலிதாகச் சுருண்ட பட்டை எட்டுக் கரண்டி. சுக்கு மூன்று. ஜாதிக்காய் இரண்டு. ஏலரிசி ஒன்றரை. கிராம்பு ஒன்று. ஜாதிபத்திரி அரை. அதற்குப் பிறகு அவர், "மல்லி நாலு" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "மல்லியா? கொத்தமல்லி விதையா?"

"ஆமா."

"அண்ணாச்சி, போன வருசம் சோம்பு போட்டதுக்கே எனக்கு மானம் போச்சு. இந்த வருசம் மல்லியப் போட்டு மீன் கொழம்பாவே வச்சிரட்டுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாலதி தீதி, "தனியா? கேக் மே தனியா? முத்தையா, பாகல் ஹோ கயா க்யா!" என்று, பைத்தியமா பிடித்துவிட்டது என்கிற மாதிரி கத்தினார்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கறுவாவும் கராம்பும் சத்தம் போடுற ஆளுங்க. மல்லிதான் நடுவுல ஒக்காந்து எல்லாத்தையும் சேத்து வைக்கும். போட்டுப் பாருங்க. நல்லா இல்லேன்னா டிரேய எந்தலையில கவுத்துங்க" என்றார்.

யாரும் யார் தலையிலும் கவிழ்க்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாலதி தீதி இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினார். அடுத்த வருடம் தன் வீட்டுப் பாயசத்துக்கே அந்தப் பொடியைக் கேட்டார். வீடு வீடாகப் பேச்சு பரவி, டெய்ரி ஃபார்ம், ஷாதிபூர், பாம்பூஃப்ளாட் மூன்றிலுமாக முப்பத்திரண்டு வீடுகள் டிசம்பர் பிறந்தால் முத்தையா அண்ணாச்சியின் டப்பாவுக்குக் காத்திருக்கும் நிலை வந்தது. இந்து வீடுகளும் உண்டு, வேதக்காரர் வீடுகளும் உண்டு, காதர் பாய் வீடும் உண்டு.

"இங்கயே வேர்த்து ஊத்துது. குளிருக்குப் போடுற பொடிய இங்க எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க குளிருக்கு. இங்க மழைக்கு. எட்டு மாசம் நனையிற ஊரு தங்கச்சி. மனுசனுக்கு உள்ளயாவது கொஞ்சம் சூடு இருக்கட்டும்."

அந்த மழைதான் எங்களுக்குப் பெரிய சோதனை. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் பட்டையும் சுக்கும் வரும்போதே ஈரம் குடித்திருக்கும். வெயிலை நம்ப முடியாது. காலையில் ரொட்டி எடுத்தபின் காதர் பாய் அடுப்பு அணைந்தாலும், அதன் மேல்மேடை மறுநாள்வரை இளஞ்சூடாகவே இருக்கும். அண்ணாச்சி தகரத் தட்டில் சாமான்களைப் பரப்பி அங்கே மூன்று நாள் வைப்பார்கள். வறுப்பது கிடையாது, மெதுவாக உலர்வதுதான். பிறகு உரலில் இடித்து, வெள்ளைத் துணியில் சலித்து, முழுக்க ஆறவிட்டு, டப்பாவில் அடைத்து, கோவிலில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றுவோம். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.

எது உலர்ந்தது, எது உலரவில்லை என்பதை அவர் மூக்கு சொல்லும். தட்டுக்கு மேலே ஒருமுறை குனிந்து எழுவார். "சுக்குக்கு இன்னும் ஒரு நாள்" என்பார். அவ்வளவுதான்.

நான்கு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்து வேலைக்கு வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அந்த நவம்பர் முடிவில், இடித்து முடித்த பொடியில் முதல் டப்பாவை வழக்கம்போல என்னிடம் கொண்டுவந்தார்கள். மறுநாள் மற்ற வீடுகளுக்குப் போக வேண்டும். நான் அவரை அடுப்படிக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, கிணற்றடியில் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். பால் கருகி, பாத்திரத்தின் அடியே சிவந்திருந்தது. மூன்று அடி தள்ளி, சன்னல் பக்கம் பார்த்தபடி, அண்ணாச்சி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

பாத்திரத்தை இறக்கினேன். டப்பாவைத் திறந்தேன். பட்டை வாசனைக்கு அடியில், நனைந்த சாக்கு மூட்டையின் நாற்றம். ஜாதிக்காய் கப்பலிலேயே உள்ளுக்குள் பூஞ்சை பூத்திருக்கிறது. அவர் அதை உடைத்து இடித்திருக்கிறார். முன்பு போலென்றால் மூட்டையை அவிழ்க்கும்போதே தூக்கி எறிந்திருப்பார்.

"எப்படி இருக்கு தங்கச்சி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாம். முப்பத்திரண்டு வீட்டிலும் பழக்கத்தில் வாங்கிப் போடுவார்கள். கேக் கெட்டால் முட்டையைக் குறை சொல்வார்கள். மாதாவை மனதில் நினைத்துக்கொண்டு, "நல்லா இல்ல அண்ணாச்சி. பூஞ்சை நாத்தம் அடிக்குது. ஒங்களுக்குத் தெரியல, இல்லையா?" என்றேன்.

அவர் கருகின பாத்திரத்தின் பக்கம் திரும்பினார். "காய்ச்சலோட போயிருச்சு. திரும்பும் திரும்பும்னு பாத்தேன். செல்லம்மாவுக்கு மட்டுந்தான் தெரியும். மூக்கில்லாத அப்பு அடுப்படியில எதுக்குன்னு பாய் கேட்டா, நான் என்னா சொல்லுவேன்? பொடியும் போச்சு, வேலையும் போச்சு. எங்க போவேன் தங்கச்சி, இன்னொரு கப்பலா ஏறுவேன்?"

அன்று மாலைப் படகில் அந்தப் பொடி அத்தனையையும் கடலில் கொட்டினார். கூட வந்தவர்கள் தும்மித் தீர்த்தார்களாம்.

மறுநாள் நான் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "மூக்கு என்னிடம் இருக்கிறது. ஆனால் எனக்கு நாற்றம் தெரியும், வேலை தெரியாது. உங்களுக்கு வேலை தெரியும். மூக்கு இல்லாமல் என்னென்ன தெரியும் என்று சொல்லுங்கள், எழுதுகிறேன்" என்ற அர்த்தத்தில், என் தூத்துக்குடிப் பேச்சில் ஏதோ சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். பிறகு ஒரு பட்டையை எடுத்துக் காதோரம் வைத்து ஒடித்தார்.

வளைந்து கிழிந்தது. "ஈரம்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. மேடையில் மூன்று நாள் இருந்த பட்டை 'டக்' என்று ஒடியும். நன்றாக உலர்ந்த ஜாதிக்காய் தன் ஓட்டுக்குள் கலகலவென்று ஆடும்; ஆடாவிட்டால் அது ஆகாது. வெட்டிய துண்டைக் காகிதத்தில் அழுத்தினால் எண்ணெய்ப் பொட்டு விழ வேண்டும். நல்ல கிராம்பு தண்ணீரில் அமிழும், அல்லது தலையை மேலே வைத்து நிமிர்ந்து நிற்கும். படுத்து மிதப்பது சாரம் போனது. மல்லி விரலுக்கு நடுவில் நொறுங்க வேண்டும், நசுங்கக் கூடாது. சுக்கைச் சுக்கோடு தட்டினால் கல்லோடு கல் தட்டும் சத்தம் வர வேண்டும். அத்தனை வருடமும் மூக்கு ஒன்றே பார்த்த வேலையை, கையும் காதும் கண்ணுமாகப் பிரித்துக்கொண்டன. ஒவ்வொன்றையும் அவர் சொல்ல நான் எழுதினேன். கடைசியில் பொடியை நான் முகர்ந்து, சரி என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தை சொல்வேன். முதல் வருடம் இரண்டு முறை இல்லை என்றேன். இரண்டு முறையும் ஏன் என்று கேட்காமல் மறுபடி இடித்தார். மூன்றாம் வருடம் முதல் நான் இல்லை என்று சொல்ல நேரவே இல்லை.

ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. "சனங்க எம்மூக்க நம்பி வாங்குறாங்க. இல்லாத ஒண்ண வித்துக்கிட்டு இருக்கேன்" என்பார். எனக்கும் உறுத்தியது. ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொடி நன்றாக இருந்ததா?" என்றார்.

"நல்லா இருந்துச்சு சாமி. முன்னைக்கு இப்ப இன்னும் நல்லா இருக்கு."

"அடுத்த பாவத்தைச் சொல்லு" என்றார்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. போன வருடம், டப்பாக்களுக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, ஊற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நான் இருக்கும்போது சொல்லிராதீங்க தங்கச்சி. பொழப்பு இருக்கு. போனதுக்கப்பறம் சொல்லாம விட்டுராதீங்க. தெரிஞ்சுக்கிட்டு வாங்குனா வாங்கட்டும்."

சரி என்று அன்று நான் கொடுத்த வார்த்தையை இப்போது காப்பாற்றியிருக்கிறேன். நான்கு டிசம்பர்களாக நீங்கள் வாங்கிய பொடியை அதை இடித்தவர் ஒருநாளும் முகர்ந்ததில்லை. அதை உங்களிடமிருந்து மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மன்னிக்க வேண்டும்.

இதை எழுதுவதற்கு முன், அவருக்கு வேலை கொடுத்தவர் என்ற முறையில் காதர் பாயிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று போனேன். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். சொல்லி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு, "அரே பெஹன், எனக்கு மாலூம். நாலு வருஷமா மாலூம்" என்றார்.

"யார் சொன்னாங்க பாய்?"

"யாரும் சொல்லலை. முன்னாடி அவன் ரொட்டிய மூக்காலே பாத்து வெளியே எடுப்பான். காய்ச்சலுக்கு அப்புறம் ஒவ்வொரு ரொட்டியையும் தட்டி, காது வச்சுக் கேட்டு எடுத்தான். முன்னாடி நாளைக்கு நாலு ரொட்டி கருகும். தட்ட ஆரம்பிச்சதும் ஒண்ணுகூடக் கருகலை. நான் எதுக்குக் கேக்கணும்? கேட்டா அவன் வெக்கப்பட்டுப் போயிடுவான்."

மூக்கில்லாத அப்பு அடுப்படியில் எதற்கு என்று காதர் பாய் கேட்டுவிடுவாரோ என்று அண்ணாச்சி நான்கு வருடம் பயந்தார்கள். தனக்கு விஷயம் தெரியும் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடுமோ என்று காதர் பாய் நான்கு வருடம் பயந்திருக்கிறார். இதை நான் செல்லம்மா மதினியிடம் சொன்னபோது, அண்ணாச்சி சாவுக்குப் பிறகு முதல்தடவையாக அந்த அம்மாள் சிரித்தார்கள். "ரெண்டு கெழவனுங்களும் ஒரே அடுப்புக்கு முன்னால நின்னுக்கிட்டு! கேட்டிருந்தா நாலு வருசம் நிம்மதியா தூங்கியிருப்பாரே மனுசன்" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள்.

இனி அந்தத் தட்டு. அவர் இறந்ததற்கு முந்தின நாள் மாலையில் இந்த வருடச் சாமான்களை மேடையில் பரப்பிவிட்டு, "மூணாம் நாள் பாத்துக்கலாம் தங்கச்சி" என்று சொல்லித்தான் படகுக்குப் போனார்கள். காதர் பாய் அதை யாரையும் தொட விடவில்லை. மூன்றாம் நாள் நானும் மதினியும் போய், ஸ்டூல் போட்டுத் தட்டை இறக்கினோம். மதினி ஒரு பட்டையை எடுத்துத் தன் காதோரம் வைத்து ஒடித்தார்கள்.

'டக்' என்றது.

கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது. ஜாதிக்காயை எடுத்து நான் ஆட்டினேன். கலகலவென்றது. சுக்கைச் சுக்கோடு தட்டினோம். கிராம்பைத் தண்ணீரில் போட்டோம். எல்லாம் தலை நிமிர்ந்து நின்றன. அவர் பார்க்காமலே போய்விட்ட மூன்றாம் நாள் வேலை எதுவும் பாக்கி இல்லாமல் முடிந்திருந்தது. நாங்கள் இருவரும் உரலில் இடித்துச் சலித்து ஆற வைத்தோம். நான் முகர்ந்து பார்த்து, மதினியிடம், "சரி" என்றேன்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. உங்கள் சாமியும் என் ஆண்டவரும் ஒரே அடுப்பங்கரையில் இருந்தால், அங்கே பால் இனிக்கும் வாசனை உங்களுக்குத்தான் முதலில் வரட்டும்.

முப்பத்திரண்டு வீட்டாருக்கும் இப்போது விஷயம் தெரியும். பொடி டப்பாவில் தயாராக இருக்கிறது. மெழுகு மட்டும் இன்னும் ஊற்றவில்லை. இந்த வருடமும் இனிமேலும் செல்லம்மா மதினி இடிப்பார்கள், நான் முகர்ந்து சொல்வேன். வேண்டாம் என்றால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லலாம். மதினியும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். வேண்டுமா, வேண்டாமா என்று வருகிற ஞாயிறு பூசைக்குள் என்னிடமோ காதர் பாய் கடையிலோ சொல்லிவிடுங்கள்.